உங்கட படிப்புக் கடன கம்பெனி கட்டுறது எண்டா என்ன?

எங்கட டீம்ல புதுசா வந்த தம்பி ஒருத்தர் ரெண்டாவது கிழமையே ஒரு வேலை பாத்து வச்சிட்டார். நாங்க தெமட்டகொடைப் பக்கம் ஒரு ஒபிஸ்ல இருந்து அமெரிக்கக் கம்பெனி சிலதுக்கு பேரோல் செய்யிற ஆக்கள், அவங்கட பகல் எங்களுக்கு ராத்திரி, விடியப்புறம் நாலு மணிக்கு பிளேன்டிய வச்சுக்கொண்டு ஒஹாயோவில இருக்கிற ஆரோ ஒருத்தற்ற சம்பளத்த கணக்குப் பாக்கிற பிழைப்பு. தம்பிக்கு வந்த ஃபைல்ல ஒரு ஆளின்ர பேருக்கு நேர ஸ்டூடன்ட் லோன் 150.00 எண்டு கிடந்திருக்கு. லோன் எண்ட சொல்லக் கண்டா எங்கட மூளைக்கு என்ன தோணும், சம்பளத்தில வெட்டுறதுதான? அதோட இவர் இதுக்கு முதல் லண்டன் கம்பெனிகளுக்கு பேரோல் செய்த ஆள், அங்க ஸ்டூடன்ட் லோன் எண்டா வெட்டுறதுதான். இவரும் கண்ண மூடிக்கொண்டு வெட்டுற பக்கம் போட்டுட்டார்.

அடுத்த நாள் அந்த மனுசன் தன்ர எச்ஆருக்கு அடிக்க, எச்ஆர் எங்களுக்கு அடிக்க, ஒரே அமளி. ஏனெண்டா அந்த 150 அவர் கட்டுற காசு இல்ல, கம்பெனி அவருக்காகக் கட்டுற காசு. சம்பளத்துக்கு மேலதிகமாப் போக வேண்டியத சம்பளத்தில இருந்து கழிச்சா 300 டொலர் பிழை. திருத்தி அனுப்பிப்போட்டு வேன்ல வீட்ட வரேக்க தம்பி கேட்டார், "அக்கா, உண்மையாவே கம்பெனிக்காரன் ஏன் எங்கட படிப்புக் கடன கட்டப் போறான், அவனுக்கு என்ன விசரா?" எண்டு. மருதானையில இருந்து வெள்ளவத்தை வரைக்கும் அதத்தான் விளங்கப்படுத்திக்கொண்டு வந்தன். அதத்தான் இஞ்ச கொஞ்சம் விரிச்சு எழுதுறன். அமெரிக்காவில சொந்தக்காரர் இருக்கிற ஆக்களுக்கும் உதவும், கொழும்பில ஓஃபர் லெட்டர் கையில வச்சிருக்கிற பிள்ளைகளுக்கும் உதவும்.

முதல்ல அங்க கடன் எவ்வளவு பெருசு எண்டு தெரிய வேணும். எங்களுக்கு 1945ல இருந்து இலவசக் கல்வி, கம்பஸ் கிடைச்சா ஃபீஸ் இல்ல, கிடைக்காட்டித்தான் பிரச்சினை. அமெரிக்காவில அரசாங்க கம்பஸுக்கே காசு கட்ட வேணும், அதால 18 வயசிலயே கடன் எடுத்துத்தான் கனபேர் படிக்கத் தொடங்கினம். அங்க மத்திய அரசாங்கத்திட்ட மட்டும் படிப்புக் கடன் எடுத்து வச்சிருக்கிற ஆக்கள் 4 கோடிக்கு மேல, கடன் எல்லாத்தையும் கூட்டினா 1.6 லட்சம் கோடி டொலருக்கு மேல போகும். டிகிரி முடிச்சு வேலைக்கு வாற பிள்ளை வரேக்கயே தலையில ஒரு சுமையோடதான் வருது. அப்ப கம்பெனிக்காரன் யோசிக்கிறான், "இந்தப் பிள்ளைக்கு ஜிம் மெம்பர்ஷிப்பும் ஃப்ரூட் பாஸ்கட்டும் குடுத்து என்ன பிரியோசனம், அதின்ர தலையிடி லோன்தான, அதில ஒரு பங்க நான் கட்டுறன், என்ன விட்டுட்டுப் போகாம இரு" எண்டு. ஆள நிப்பாட்டி வைக்கிறதுதான் நோக்கம், தர்மம் ஒண்டும் இல்ல. ஒரு நல்ல ஆள் போனா இன்னொருத்தரத் தேடி எடுத்துப் பழக்கிறதுக்கு ஆகிற செலவோட பாத்தா மாசம் 150 டொலர் அவனுக்கு சில்லறை.

சரி, ஆனா அப்பிடி குடுக்கிறதெண்டா சம்பளத்தையே 150 கூட்டிக் குடுத்தா என்ன? தம்பியும் இதத்தான் கேட்டார், நல்ல கேள்வி, விசயமே இதிலதான் கிடக்கு.

சம்பளமாக் குடுத்தா அதில வரி வெட்டுவினம். ஒரு ஆள் 22 வீத வருமான வரிப் படியில இருக்கிறார் எண்டு வைப்பம். 150 டொலர் கூடக் குடுத்தா 33 டொலர் வருமான வரிக்குப் போகும், சோசல் செக்யூரிட்டி எண்ட அரசாங்க ஓய்வூதியத்துக்கும் மெடிகெயார் எண்ட வயசானாக்களின்ர மருத்துவத்துக்கும் சேத்து 7.65 வீதம், அது ஒரு 11 டொலர் ஐம்பது சதம் அளவில போகும். கைக்கு வாறது 105 டொலர் சொச்சம். மாநில வரி இருக்கிற இடமெண்டா அதுக்கும் ஒரு கிள்ளு. மிச்சத்தத்தான் அவர் கடனுக்குக் கட்ட ஏலும். அதே 150ஐ கம்பெனி படிப்புக் கடன் உதவித் திட்டம் எண்ட பேரில, சட்டம் சொல்லுற மாதிரிக் கட்டினா, முழு 150உம் கடனுக்குப் போகும், வரியே இல்ல. வருசத்துக்குப் பாத்தா வித்தியாசம் 530 டொலருக்கு மேல. கம்பெனிக்கும் லாபம் இருக்கு, ஏனெண்டா அந்த 7.65 வீதத்த தன்ர பங்குக்கும் கட்ட வேண்டியவன் அவன், இப்பிடிக் குடுத்தா அதுவும் மிச்சம். ரெண்டு பக்கமும் சந்தோசம், அரசாங்கத்துக்கு மட்டும் வரவு குறைவு.

இந்தச் சலுகை இருக்கிற இடம் அமெரிக்க வரிச் சட்டத்தில 127ஆம் பிரிவு. அது 1978லயே வந்தது, ஆனா அப்ப அது வேலை செய்துகொண்டு படிக்கிற ஆக்களின்ர ஃபீஸுக்கு மட்டும்தான். அதாவது இப்ப படிக்கிற படிப்புக்குக் கம்பெனி காசு குடுக்கலாம், முந்திப் படிச்சதுக்கு எடுத்த கடனுக்குக் குடுத்தா அது சம்பளம் மாதிரி வரி. 2020 மார்ச்ல கொரோனா நேரம் கெயார்ஸ் சட்டம் எண்டு ஒண்டு கொண்டு வந்தினம், அதிலதான் பழைய கடனையும் இதுக்குள்ள சேத்தினம். முதல்ல அந்த வருச முடிவு வரைக்கும் எண்டுதான் சொன்னது, பிறகு 2025 டிசம்பர் வரைக்கும் இழுத்தினம், பிறகு 2025 ஜூலை 4ஆம் தேதி கையெழுத்தான பெரிய வரிச் சட்டத்தில நிரந்தரமாக்கியாச்சு. இதால என்ன மாற்றமெண்டா, முந்தி "நாளைக்கு சட்டம் போயிடும், நாங்க ஏன் தொடங்குவான்" எண்டு நிண்ட கம்பெனிகளுக்கு இப்ப அந்த சாட்டு இல்ல.

வருசத்துக்கு ஆகக்கூட 5,250 டொலர். மாசக் கணக்குக்கு 437 டொலர் ஐம்பது சதம். இந்த எண் எனக்கு எப்பவும் சிரிப்பு, 1986ல போட்ட அளவு, 40 வருசமா அசையேல்ல, இந்த 40 வருசத்தில அங்க கம்பஸ் ஃபீஸ் எங்கயோ போயிட்டுது. இனி 2026க்குப் பிறகு விலைவாசிக்கு ஏத்த மாதிரி கூட்டுவினம் எண்டு புதுச் சட்டத்தில இருக்கு. இன்னொண்டு, இந்த 5,250 பொதுவான ஒரு குடம். வேலை செய்துகொண்டே மாஸ்டர்ஸ் படிக்க கம்பெனி 4,000 தந்திட்டுதெண்டா கடனுக்கு அந்த வருசம் வரியில்லாமல் தர மிச்சம் 1,250தான்.

சட்டத்தில வேற சில பிடிகளும் இருக்கு. திட்டம் எழுத்தில இருக்க வேணும், வாயால சொல்லுறது செல்லாது. பெரிய சம்பளக்காரருக்குச் சாதகமா அமைக்க ஏலாது. "இந்தா, ஒண்டில் காசா எடு, இல்லாட்டி கடனுக்குக் கட்டுறன்" எண்டு தெரிவு குடுக்கவும் ஏலாது, அப்பிடிக் குடுத்தா சலுகை இல்ல. கடன் அந்த வேலையாள் தான் படிக்க எடுத்ததா இருக்க வேணும். மகளுக்காக அப்பா எடுத்த கடன அப்பாட கம்பெனி இதுக்குள்ள கட்ட ஏலாது, இதில கனபேர் ஏமாறுறது. காசு நேர கடன் கம்பெனிக்கும் போகலாம், ஆளின்ர கையிலயும் வரலாம். கம்பெனி கட்டின வட்டிப் பங்க திரும்ப தன்ர வருச வரிக் கணக்கில வட்டிக் கழிவா காட்டவும் ஏலாது, ஒரே வட்டிக்கு ரெண்டு சலுகை இல்ல.

இப்ப கொஞ்சம் கிட்டப் போய்ப் பாப்பம், 150 டொலர் எண்டது ஒரு கடன என்ன செய்யும் எண்டு. 30,000 டொலர் கடன், வட்டி 6 வீதம், 10 வருசத்தில கட்டி முடிக்க வேணும். மாசத் தவணை 333 டொலர். ஒரு மாற்றமும் இல்லாமல் கட்டினா 10 வருசத்தில வட்டி மட்டும் கிட்டத்தட்ட 10,000 டொலர். இப்ப அவர் தன்ர 333ஐ நிப்பாட்டாமல் கட்ட, கம்பெனி அதுக்கு மேல 150 போட்டா கடன் ஆறே கால் வருசத்தில முடியும், வட்டி 6,000 அளவிலதான் வரும். வட்டியில மட்டும் 4,000 மிச்சம், கம்பெனி தந்த 11,000 சொச்சம் வேற. 22 வயசில வேலைக்குச் சேந்த பிள்ளை 28 வயசில கடன் இல்லாத ஆள்.

ஆனா இதில ஒரு கண்ணி இருக்கு. "கம்பெனி 150 கட்டுதுதான, அப்ப நான் 183 கட்டினாப் போதும்" எண்டு தன்ர பங்கக் குறைச்சா கடன் அதே 10 வருசம்தான், வட்டியும் அதே. மாசம் கையில கொஞ்சக் காசு மிஞ்சும், அதுவும் சில பேருக்குத் தேவைதான், வீட்டு வாடகை கட்ட ஏலாமல் இருக்கிற ஆளிட்டப் போய் "கடன கெதியாக் கட்டு" எண்டு சொல்ல நான் ஆர்? ஆனா என்ன நடக்குதெண்டு தெரிஞ்சு செய்ய வேணும். இன்னொரு கண்ணி, மேலதிகமா வந்த காச கடன் கம்பெனி "அடுத்த மாசத் தவணைய முற்கூட்டியே கட்டிட்டீங்க" எண்டு கணக்கு வச்சிடும். அடுத்த மாசம் பில்ல சைபர் காட்டும், ஆள் சந்தோசத்தில கட்டாமல் விட்டுடுவார். அங்கயே பிரியோசனம் போச்சு. எக்கவுண்ட்டுக்குள்ள போய், கூட வாற காசு கடன்ர முதல் தொகையில கழியட்டும், என்ர தவணைய தள்ளாதேங்கோ எண்டு ஒருக்கா சொல்லி வைக்க வேணும்.

ரெண்டாவது வழி வேற மாதிரி, என்ர புத்திக்கு இதுதான் கெட்டிக்காரத்தனமானது. எங்களுக்கு ஈபிஎஃப் மாதிரி அங்க 401 கே எண்டு ஓய்வுகாலச் சேமிப்பு ஒண்டு இருக்கு. வித்தியாசம் என்னெண்டா எங்கட ஈபிஎஃப் 1958ஆம் ஆண்டுச் சட்டம், நீங்க விரும்பினாலும் விரும்பாட்டியும் உங்கட 8 வீதமும் கம்பெனியிட 12 வீதமும் போகும். அங்க அப்பிடி கட்டாயம் இல்ல. நீ போட்டா நானும் போடுறன் எண்ட கதை. நீங்க சம்பளத்தில 4 வீதம் போட்டா கம்பெனியும் 4 வீதம் போடும், நீங்க போடாட்டி அவனும் போடமாட்டான். இப்ப கடன் கட்டுற பிள்ளை என்ன செய்யும், 333 டொலர் கடனுக்குப் போனாப் பிறகு ஓய்வுகாலத்துக்குப் போட கையில என்ன இருக்கும்? அதால கம்பெனி தரத் தயாரா இருந்த காசும் கைவிட்டுப் போகும். கடன் ரெண்டு பக்கத்தால அடிக்குது.

2018ல அபொட் கம்பெனி, எங்கட வீடுகளில வயசானாக்களுக்குக் கரைச்சுக் குடுக்கிற என்ஷுவர் மா செய்யிற அதே ஆக்கள், ஒரு திட்டம் தொடங்கினது. சம்பளத்தில 2 வீதம் படிப்புக் கடனுக்குக் கட்டுறீங்களெண்டு காட்டினாப் போதும், நீங்க 401 கேயில ஒரு சதமும் போடாட்டியும் நாங்க 5 வீதம் போடுறம் எண்டு. அதுக்கு ஐஆர்எஸ் எண்ட அமெரிக்க வரித் திணைக்களத்திட்ட தனியா ஒரு கடிதம் வாங்கித்தான் செய்ய வேண்டி இருந்தது. பிறகு செக்கியூர் 2.0 எண்ட சட்டம் வந்து, 2024ல இருந்து எந்தக் கம்பெனியும் விரும்பினா இதச் செய்யலாமெண்டு கதவத் திறந்து விட்டுட்டுது. நீங்க கடன் கட்டினதா வருசத்துக்கு ஒருக்கா உறுதிப்படுத்தினா, அத நீங்க 401 கேயில போட்ட காசு மாதிரிக் கணக்கெடுத்து கம்பெனி தன்ர பங்கப் போடும். வருசம் 50,000 டொலர் உழைக்கிற ஆளுக்கு 4 வீதம் எண்டா 2,000 டொலர். அந்த ஒரு வருசத்து 2,000 மட்டும் வருசம் 6 வீதப்படி 35 வருசம் வளந்தா 15,000 தாண்டும். கடனுக்குக் கட்டுற அதே காசு, கூட ஒரு வேலையும் செய்யத் தேவையில்ல, ஒரு பேப்பர் நிரப்ப வேணும், அவ்வளவுதான். எங்கட கிளையன்ட் ஃபைல்களில பாத்தா இத எடுக்காமல் விடுற இளம் பிள்ளைகள் நிறைய, ஏனெண்டா 150 டொலர் கண்ணுக்குத் தெரியும், 35 வருசத்துக்குப் பிறகு வாற 15,000 தெரியாது.

இதோட சேத்துக் குழப்பிக்கொள்ளுற ஒண்டு இருக்கு, அதையும் சொல்லிப்போட்டு வாறன். அமெரிக்காவில அரசாங்க வேலை, இல்லாட்டி லாபநோக்கம் இல்லாத நிறுவனத்தில வேலை செய்துகொண்டு 120 மாசத் தவணை ஒழுங்காக் கட்டினா மிச்சக் கடன அரசாங்கம் தள்ளுபடி செய்யும், 2007ல வந்த திட்டம் அது. அங்க கம்பெனி ஒரு சதமும் கட்டுறதில்ல, வேலை செய்யிற இடம் தகுதியான இடமா எண்டதுதான் கணக்கு. அந்த வழியில போற ஆள் அவசரப்பட்டு மேலதிகமாக் கட்டினா தனக்குத்தானே நட்டம் தேடுறார், தள்ளுபடி ஆகப் போற கடன ஏன் கட்டுவான்? லண்டன் கதை வேற. அங்க கடன் கிட்டத்தட்ட வரி மாதிரி, சம்பளம் ஒரு அளவத் தாண்டினா தாண்டின பங்கில 9 வீதத்த பேரோல்லயே வெட்டுவினம், அளவத் தாண்டாட்டி வெட்டு இல்ல. தம்பி பிழை விட்டது இந்தப் பழக்கத்தாலதான், பாவம், அவரையும் முழுக்கக் குறை சொல்ல ஏலாது.

சரி, கொழும்புக்கு வருவம்.

இஞ்ச படிப்புக் கடன் எண்டு கேட்டா பேங்க்கவிட முதல் ஞாபகம் வாறது அம்மாட காப்பு. செட்டியார் தெருவில அடகு வச்ச ரிசீட்தான் எங்கட கனபேரின்ர ஸ்டூடன்ட் லோன் பத்திரம். அதுக்குப் பிறகு, ஏஎல் பாஸ் பண்ணியும் கம்பஸ் கிடைக்காத பிள்ளைகளுக்காக 2017ல இருந்து அரசாங்கம் வட்டியில்லாக் கடன் திட்டம் ஒண்டு நடத்துது, தனியார் இடத்தில டிகிரி படிக்கலாம், வட்டிய அரசாங்கம் பாத்துக்கொள்ளும், படிச்சு முடிச்சு வேலைக்கு வந்து முதல மட்டும் தவணையாக் கட்ட வேணும். அந்த பிள்ளைகள் இப்பதான் வேலைக்கு வந்து கட்டத் தொடங்கி இருக்கினம். அதாலதான் கொழும்புக் கம்பெனி சிலதும் கல்வி உதவி, லோன் சப்போர்ட் எண்டு ஓஃபர் லெட்டர்ல ஒரு வரி போடத் தொடங்கி இருக்கு. அமெரிக்காவில கேள்விப்பட்டதப் பாத்து இஞ்சயும் அதே மாதிரி எண்டு நினைக்கக் கூடாது. இஞ்ச கணக்கு தலைகீழ்.

எப்பிடியெண்டா, எங்கட வருமான வரிச் சட்டத்தில 127ஆம் பிரிவு மாதிரி ஒரு சலுகை இல்ல. 2017ஆம் ஆண்டு 24ஆம் இலக்கச் சட்டப்படி உங்கட சொந்தச் செலவ கம்பெனி கட்டினா அதுவும் உங்கட உழைப்பு வருமானம்தான். ஒரு ஆளுக்கு மாசம் 220,000 ரூபா சம்பளம் எண்டு வைப்பம். 2025 ஏப்ரல்ல இருந்து மாசம் 150,000 வரைக்கும் வரி இல்ல, அதுக்கு மேல முதல் 83,333 ரூபாவுக்கு 6 வீதம், அதுக்கு அடுத்த பங்குக்கு 18 வீதம். இவருக்கு 70,000க்கு 6 வீதம், 4,200 ரூபா வெட்டு. கம்பெனி இவற்ற கடனுக்கு மாசம் 20,000 கட்டுறதெண்டா, வருமானம் 240,000 ஆகும், வரி 6,200. கூட 2,000 ரூபா. அத சம்பளமாவே தந்திருந்தாலும் அதே 2,000தான். வரியில ஒரு வித்தியாசமும் இல்ல. 150,000க்குக் கீழ வாங்கிற பிள்ளைக்கு எண்டா எந்தப் பேரில தந்தாலும் வரியே இல்ல.

அப்ப வித்தியாசம் எங்க? ஈபிஎஃப்ல. 20,000ஐ பேசிக் சம்பளத்தில கூட்டித் தந்தா கம்பெனி அதுக்கு 12 வீதம் ஈபிஎஃப், 3 வீதம் ஈடிஎஃப் எண்ட ஊழியர் நம்பிக்கை நிதி கட்ட வேணும், மாசம் 3,000 ரூபா உங்கட பேருக்கு மேலதிகமாப் போகும். உங்கட பங்கு 8 வீதமும் போகும்தான், மாசம் 1,600, ஆனா அது உங்கட காசு உங்கட எக்கவுண்ட்லதான் நிக்கும். அதோட கிராஜுவிட்டி இருக்கு, 1983ஆம் ஆண்டுச் சட்டம், 15 பேரும் அதுக்கு மேலயும் வேலை செய்யிற இடத்தில 5 வருசம் முடிச்ச ஆளுக்கு வருசத்துக்கு அரை மாசச் சம்பளம், அதுவும் கடைசியா வாங்கின சம்பளத்த வச்சு. பேசிக்ல 20,000 கூடினா ஒவ்வொரு வருசத்துக்கும் 10,000 கூடும். அதே காச கல்வி உதவி எண்ட பேர்ல தனிய எடுத்து வச்சு, கம்பெனி அதுக்கு ஈபிஎஃப் கட்டாட்டி இதெல்லாம் உங்களுக்கு இல்ல. அமெரிக்கக்காரனுக்கு கடன் எண்ட பேர்ல வந்தா லாபம், எங்களுக்கு பேசிக் எண்ட பேர்ல வந்தா லாபம். காசு ஒண்டுதான், எந்த வாசலால வருதெண்டதுதான் விசயம்.

அப்ப இஞ்ச படிப்புக்கு ஒரு உதவியுமே நல்லதில்லையா எண்டா அப்பிடியும் இல்ல. அரசாங்க வேலைக்காரருக்கு 4.2 வீத வட்டியில டிஸ்ட்ரஸ் லோன் எண்ட இடர்க் கடன் இருக்கு, அத எடுத்து பிள்ளைட கோர்ஸ் ஃபீஸ் கட்டின வீடுகள் எத்தின. பேங்க்ல வேலை செய்யிற ஆக்களுக்கு ஸ்டாஃப் வட்டி. ஐடி கம்பெனிகளில சர்ட்டிஃபிகேட் பாஸ் பண்ணினா பரீட்சைக் காசத் திருப்பித் தருவினம். இதெல்லாம் நல்லது. நான் பயப்பிடுறது பொண்ட்டுக்கு, அதாவது இத்தின வருசம் நிக்கிறன், இடையில போனா காசத் திருப்பித் தாறன் எண்டு எழுதி வாங்கிற பேப்பருக்கு.

என்ர கதைய சொல்லுறன், கம்பெனி பேர் வேண்டாம். இந்த வேலைக்கு வர முதல் இன்னொரு இடத்தில எக்கவுண்ட்ஸ்ல இருந்தனான். ப்ரொஃபெஷனல் எக்ஸாமுக்கு 360,000 ரூபா அவங்களே கட்டினம் எண்டு சொல்லி, ரெண்டு வருசம் நிக்க வேணுமெண்டு ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினவை. நான் சந்தோசத்தில வாசிக்கேல்ல, அப்பாவும் "பெரிய கம்பெனி, பிழை விடமாட்டினம்" எண்டார். 15 மாசம் முடிய அம்மாவுக்கு சுகமில்லாமல் போய், ஓவர்டைம் இல்லாத ஒரு வேலைக்கு மாற வேண்டி வந்தது. என்ர மனக்கணக்கு, மிச்சம் 9 மாசம், 24ல 9 பங்கு, 135,000 கட்டினாச் சரி எண்டு. எச்ஆர்ல இருந்த மிஸ் பேப்பர எடுத்து என்ர பக்கம் திருப்பி ஒரு வரியில விரல வச்சா. முழுத் தொகையும் எண்டு இருந்தது. நிண்ட காலத்துக்குக் கழிவு எண்டு ஒரு சொல்லும் இல்ல. படிக்க அடகு வைக்காத காப்ப பொண்ட்ட விட்டு வெளிய வர அடகு வச்சம். கடைக்காரர் நிறுத்துப் பாக்கேக்க அம்மா வெளிய நிண்டு றோட்டப் பாத்துக்கொண்டு நிண்டவ, அது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

பொண்ட் எங்கட ஊர் வியாதி எண்டு நினைக்காதேங்கோ. அமெரிக்க மத்திய அரசாங்கமே தன்ர வேலையாளுக்கு வருசம் 10,000 டொலர், மொத்தம் 60,000 வரைக்கும் படிப்புக் கடன் கட்டுற திட்டம் வச்சிருக்கு, அதுக்கு மூண்டு வருசம் நிக்கிறன் எண்டு எழுதிக் குடுக்க வேணும், இடையில தானா விட்டுட்டுப் போனா திருப்பிக் கட்ட வேணும். பொண்ட் இருக்கிறது பிழையில்ல, எப்பிடி எழுதியிருக்கு எண்டதுதான். மாசம் மாசம் கடனக் கட்டிக்கொண்டு போற திட்டமெண்டா நீங்க போனா அவன் நிப்பாட்டுவான், அதோட சரி. முன்னுக்கே மொத்தமா கட்டிப்போட்டு ஆளப் பிடிக்கிற திட்டமெண்டா, போகேக்க எவ்வளவு, நிண்ட மாசத்துக்குக் கழிவு இருக்கா, கம்பெனியே என்ன நிப்பாட்டினாலும் நான்தான் கட்ட வேணுமா, இது மூண்டையும் கையெழுத்துக்கு முதல் கேக்க வேணும். மிஸ் முகம் சுளிச்சாலும் பரவாயில்ல, கேளுங்கோ. வாயால சொல்லுற பதில வாங்காமல் ஈமெயில்ல வாங்குங்கோ.

வேன் கதைய விட்டுட்டன். தம்பி தன்ர இடத்தில இறங்கேல்ல, என்னோடயே வெள்ளவத்தை சவோய் தியேட்டரடியில இறங்கி, "அக்கா, ஒரு நிமிசம்" எண்டு ஃபோன எடுத்தார். அவற்ற தங்கச்சி அந்த வட்டியில்லாக் கடன்ல டிகிரி முடிச்ச பிள்ளை, முதல் வேலைக்கு ஓஃபர் லெட்டர் வந்திருக்கு. பேசிக் 95,000, கீழ இன்னொரு வரியில கல்விக் கடன் உதவி 15,000, ஈபிஎஃப் பேசிக்குக்கு மட்டும் எண்டு சின்ன எழுத்தில. பொண்ட் ஒண்டும் இல்ல, அந்தளவுக்கு நல்லது. நடைபாதையில நிண்டே கணக்குப் போட்டம், 15,000க்கு 15 வீதம், மாசம் 2,250, வருசம் 27,000 ரூபா. தங்கச்சிக்கு அடிச்சா, அது நித்திரையால எழும்பி, "அண்ணா, வேலையே இப்பதான் கிடைச்சிருக்கு, இதக் கேட்டா வேண்டாமெண்டு சொல்லிடுவினமோ" எண்டு பயப்பிடுது. நான் ஃபோன வாங்கி, "தங்கச்சி, ஒரு வரி எழுது, இந்த 15,000ஐ பேசிக்ல சேக்க ஏலுமா எண்டு மரியாதையாக் கேள், அவ்வளவுதான்" எண்டன்.

நேற்று பதில் வந்ததாம். 10,000ஐ பேசிக்ல சேத்திருக்கினம், 5,000 பழைய மாதிரி. வருசம் 18,000 அவளின்ர பேருக்குப் போகுது. மிச்ச 5,000ஐ அடுத்த வருச இன்கிரிமென்ட் நேரம் கேக்கிறதெண்டு இப்பவே ஃபோன்ல ரிமைண்டர் போட்டு வச்சிருக்காளாம்.